எதிர்ப்பு சக்தி ஏத்துற வைத்தியம் இல்லைங்க இது

குன்னூர்ல ஒரு சின்ன லேப்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றதுதான் நம்ம பொழப்பு. போன மாசம் எங்க லைன் பக்கத்துல ஜீப் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் அவங்க அம்மாவோட ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிட்டு வந்தார். அம்மாவுக்கு லிம்போமா, நெணநீர் கட்டியில வர்ற கேன்சர். கோயம்புத்தூர்ல காட்டிட்டு இருக்காங்க, 21 நாளைக்கு ஒரு தடவை கீழ எறங்கி ட்ரிப் ஏத்திட்டு வரணும். அண்ணன் கையில ஃபைல், அக்குள்ல ஒரு கட்டு முள்ளு சீத்தா இலை.

"தம்பி, இப்போ நம்ம ரத்தத்துல இருக்கற செல்லை வச்சே கேன்சரை அடிக்கிறாங்களாமே, எதிர்ப்பு சக்தியை ஏத்திவிடுற வைத்தியமாம், லட்சக்கணக்குல ஆகுதாம். இந்த இலையைக் கொதிக்க வச்சு குடுத்தா அதே சக்தி வந்துடாதா?"

சிரிக்கற கேள்வி இல்லைங்க இது, மார்க்கெட் பக்கம் போனா கிரீன் டீ பாக்கெட்ல இருந்து காளான் பொடி வரைக்கும் எல்லாத்து மேலயும் எதிர்ப்பு சக்தி ஏத்தும்னுதான் எழுதியிருக்கு, அப்புறம் மனுஷன் வேற எப்படி யோசிப்பார். ஆனா குழப்பம் எல்லாம் அந்த ஏத்துறதுங்கற வார்த்தையிலதான் இருக்கு. எதிர்ப்பு சக்தி என்னமோ டீசல் டேங்க் மாதிரியும், முள்ளு பாதிக்குக் கீழ வந்தா கேன்சர் வரும், நிரப்பிட்டா போயிடும்ங்கற மாதிரியும் நெனைச்சுக்கறோம். பல கட்டிகளை வெட்டி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தா உள்ளயே எதிர்ப்பு செல்லுங்க கூட்டமா உக்காந்திருக்கும். ஆள் இருக்கு, ஆனா கை வைக்க மாட்டேங்குது. ஏன் வைக்கலங்கறதுதான் கேள்வியே. இம்யூனோதெரபின்னு இன்னிக்கு சொல்றதுல பெரும்பகுதி அந்த ஒரு கேள்விக்கு கண்டுபிடிச்ச ரெண்டு மூணு பதில்தான்.

முதல்ல அந்த ஆளுங்க யாருன்னு பாத்துருவோம், ஏன்னா நான் தினமும் பாக்கறேன். ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடி ஸ்லைடு மேல மெல்லிசா இழுத்துவிட்டு, காய வச்சு, லீஷ்மன் ஸ்டெயின் ஊத்தணும் (மஞ்சு எறங்கற மாசத்துல அந்த ஸ்லைடு காயவே காயாது, குண்டு பல்பு பக்கத்துல வச்சு காத்துக்கிடப்போம்). லென்ஸ்ல பாத்தா சிவப்பணுங்க சில்லறைக் காசு கொட்டின மாதிரி கெடக்கும், நடுவுல அங்கங்க வெள்ளணு. உள்ள இருக்கற கரு மூணு நாலு துண்டா கட்டுப்போட்ட மாதிரி இருந்தா அது நியூட்ரோஃபில். கரு முழுசா உருண்டையா, கரும்ஊதா கலர்ல, சுத்தி நூல் மாதிரி ஒரு நீல ஓரம் மட்டும் தெரிஞ்சா அது லிம்போசைட். பெரிய ஆளுங்களுக்கு 100 வெள்ளணு எண்ணினா 20ல இருந்து 40 வரைக்கும் இதுதான் இருக்கும். இதுல டி செல், பி செல், என்கே செல்னு தனித்தனி வகை உண்டு, ஆனா என் மைக்ராஸ்கோப்ல மூணும் ஒரே மாதிரிதான், பிரிச்சு சொல்லவே முடியாது. பாக்க ஒண்ணும் விசேஷமா இருக்காது. கொல்ற வேலை பாக்கறதுன்னு சொன்னா நம்பமாட்டீங்க.

டி செல் எப்படி ஆளை அடையாளம் கண்டுபிடிக்குதுன்னா, தொட்டுப் பாத்துதான். நம்ம உடம்புல இருக்கற கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள தயாராகுற புரோட்டீனை துண்டு துண்டா நறுக்கி, தன்னோட மேல்தோல்ல ஒரு தட்டுல வச்சு வெளிய நீட்டிக்கிட்டே இருக்கும். டி செல் அதைத் தடவிக்கிட்டே போகும். நம்ம ஊர்ல கொழுந்து பறிக்கிற அக்காங்களைப் பாருங்க, வாய் பேசிக்கிட்டு இருக்கும், கண்ணு எங்கயோ இருக்கும், விரல் மட்டும் ரெண்டு இலை ஒரு மொட்டைத் தேடிப் பிடிச்சு ஒடிக்கும், முத்தின இலை மேல பட்டா தன்னால நகந்துரும். அதே கதைதான். தட்டுல வழக்கமான துண்டு இருந்தா நகந்துரும், வைரஸ் துண்டோ கெட்டுப்போன புரோட்டீனோ இருந்தா ஒடிச்சுரும். இந்தப் பழக்கத்தை நெஞ்சு எலும்புக்குப் பின்னால இருக்கற தைமஸ்ங்கற சுரப்பிலதான் பழகுது. சொந்த உடம்பு மேல பாயுற செல்லை அங்கயே கொன்னுருவாங்க, எதுக்கும் உதவாததும் அங்கயே சாகும், மொத்தத்துல 100க்கு 95க்கு மேல பாஸாகாம செத்துப்போகும். அவ்வளவு கண்டிப்பு.

இப்போ கேன்சர் ஏன் தப்பிக்குதுன்னு அண்ணனுக்குப் புரியவைக்க எனக்கு சுலபமா கெடச்சது நீலகிரி மலை அடிவாரத்துல இருக்கற கல்லாறு செக்போஸ்ட்தான். 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி வெளியூர் வண்டி மேல வரணும்னா இ-பாஸ் காட்டணும், நம்ம நீலகிரி டிஎன் 43 நம்பர் வண்டிக்கு தேவையில்ல, கையைக் காட்டிட்டு போய்க்கிட்டே இருக்கலாம். காய்ச்சல் கிருமி, காசநோய் கிருமி எல்லாம் வெளியூர் வண்டி, நிறுத்தி விசாரிக்கறது சுலபம். கேன்சர் டிஎன் 43 வண்டிங்க. இங்கயே பொறந்து இங்கயே வளந்த நம்ம சொந்த செல்லு, அங்கங்க ஜீன் கெட்டுப்போயி பெருகிட்டே இருக்கு, அவ்வளவுதான். நம்பர் பிளேட் உள்ளூர். ஜீன் கெட்டுப்போனதால சில துண்டு மட்டும் வித்தியாசமா இருக்கும், கூர்ந்து பாத்தா மாட்டும், நிறைய செல் அப்படி மாட்டி ஆரம்பத்துலயே சாகவும் செய்யுது. கிட்னி மாத்தினவங்க எதிர்ப்பை அமுக்கி வைக்கிற மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிடுவாங்க, அவங்களுக்கு தோல் கேன்சரும் லிம்போமாவும் மத்தவங்களை விட ஜாஸ்தி வருது, காவல் இல்லாட்டி என்ன ஆகும்னு அதுலயே தெரியுது. மாட்டாம மிஞ்சினது இருக்கு பாருங்க, அதுதான் கட்டியா வளருது. அதுல சிலது தட்டையே உள்ள இழுத்துக்கும், சிலது டி செல் கிட்ட வந்ததும் 'நான் நம்ம ஆளு, போ'ன்னு ஒரு சிக்னல் குடுத்து அதைத் தூங்க வச்சிரும்.

எதிர்ப்பு செல்லைக் கெளப்பிவிடற ஐடியா ஒண்ணும் புதுசில்ல. நியூயார்க்ல வில்லியம் கோலின்னு ஒரு சர்ஜன், கழுத்துல கட்டி இருந்த ஒருத்தருக்கு எரிசிபெலஸ்ங்கற பாக்டீரியா தோல் தொற்று கடுமையான காய்ச்சலோட வந்து கட்டி கரைஞ்சுபோன பழைய கேஸ் ஒண்ணைப் படிச்சுட்டு, 1891ல வேணும்னே பாக்டீரியாவை கேன்சர்காரங்களுக்கு ஊசி போட்டார். சிலருக்கு கட்டி சுருங்குச்சு, சிலர் அந்தக் காய்ச்சல்லயே போயிட்டாங்க. குருட்டு வைத்தியம்தான், ஆனா முழுக்க தப்பில்ல. குழந்தைக்கு இடது தோள்ல போடற பிசிஜி ஊசி, தழும்பு இருக்கும் பாருங்க, அதே மருந்தை சிறுநீர்ப்பை கேன்சருக்கு டியூப் வழியா பைக்குள்ள வாரம் ஒரு தடவை 6 வாரம் விட்டா திரும்ப வர்றது குறையுதுன்னு கனடாவுல மொராலஸ்ங்கற டாக்டர் 1976ல எழுதினார், ஆரம்ப கட்ட சிறுநீர்ப்பை கேன்சருக்கு இன்னிக்கும் அதுதான் முக்கியமான மருந்து. காசநோய் தடுப்பு மருந்து கேன்சருக்கு போகுதுன்னா எங்க லேப்லயே பாதிப்பேர் நம்பல.

சரி, தூங்க வைக்கிற சிக்னலுக்கு வருவோம். டி செல் மேல பிரேக் இருக்கு, ஒண்ணு இல்ல, பல பிரேக். குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறங்கறப்போ 14 ஹேர்பின் வளைவுலயும் செகண்ட் கியர்ல வாங்கன்னு ஏன் போர்டு வச்சிருக்காங்கன்னு ஜீப்காரருக்கு நான் சொல்லித்தரணுமா என்ன. எறக்கத்துல இன்ஜினை விட பிரேக்தான் முக்கியம். சண்டை முடிஞ்சப்புறம் டி செல் நிக்கலைன்னா நம்ம குடல், தைராய்டு, மூட்டு எல்லாத்தையும் பிராண்டும்.

சிடிஎல்ஏ 4ங்கற ஒரு மூலக்கூறை பிரான்ஸ்ல 1987லயே கண்டுபிடிச்சாங்க. அது ஆக்ஸிலரேட்டரா பிரேக்கான்னு ரொம்ப நாள் சண்டை. அமெரிக்காவுல ஜேம்ஸ் அலிசன் அது பிரேக்னு காட்டினார், மத்தவங்க அந்த பிரேக்கை அழுத்தி மூட்டுவாதம் மாதிரி நோயை அடக்கலாமான்னு யோசிச்சப்போ இவர் தலைகீழா, பிரேக்கை வேலை செய்யவிடாம தடுத்துட்டா டி செல் கேன்சர் மேல பாயுமான்னு எலிக்கு குடுத்துப் பாத்தார், 1996ல எலியோட கட்டி கரைஞ்சதை எழுதினார். ஜப்பான்ல டசுகு ஹோஞ்சோ குழு 1992ல பிடி 1ங்கற இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடிச்சது, கேன்சர் செல் அமுக்கற பிரேக் பெரும்பாலும் இதுதான். ரெண்டு பேருக்கும் 2018ல நோபல் பரிசு. மருந்தா வந்தது முதல்ல 2011ல இபிலிமுமாப், மெலனோமாங்கற தோல் கேன்சருக்கு. அப்புறம் பிடி 1 பிரேக்கைத் தடுக்கற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015ல மெலனோமா ஈரலுக்கும் மூளைக்கும் பரவி இருந்துச்சு, வயசு 90, எல்லாரும் முடிஞ்சதுன்னுதான் நெனைச்சிருப்பாங்க. ஆபரேஷன், ரேடியேஷன் கூட பெம்ப்ரோலிசுமாப் குடுத்தாங்க, மனுஷன் 100 வயசு தாண்டி 2024 டிசம்பர் கடைசிலதான் போனார்.

கவனிச்சுப் பாருங்க, இதுல எங்கயும் எதையும் ஏத்தல. பிரேக் மேல இருந்த காலை எடுத்துவிட்டாங்க, அவ்வளவுதான். எல்லாருக்கும் கேக்காது, பல கேன்சர்ல இந்த மருந்துக்கு மசியுறவங்களை விட மசியாதவங்கதான் ஜாஸ்தி. கேட்டவங்களுக்கும் குடல் புண்ணாகி பேதி போறது, தைராய்டு படுத்துக்கறது, நுரையீரல் வீங்கறதுன்னு சொந்த உடம்பு மேல பாயுற கோளாறு வரலாம். பிரேக் இருந்ததுக்கு காரணம் இருந்துச்சுல்ல. உடம்பு தன்னைத் தானே அடிச்சுக்காம காவல் காக்கறதுக்குன்னே தனி டி செல் இருக்குன்னு 1995ல காட்டின ஜப்பான் விஞ்ஞானி சகாகுச்சிக்கும், அதுக்குப் பின்னால இருக்கற ஜீனைக் கண்டுபிடிச்ச ரெண்டு அமெரிக்கர்களுக்கும்தான் 2025 மருத்துவ நோபல் குடுத்தாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது வேற விதத்துல பழக்கமான சங்கதி. சிம்ஸ் பார்க் பக்கத்துல இருக்கற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907ல வெறிநாய்க்கடி ஊசிக்காகவே ஆரம்பிச்சது. அந்தக் காலத்து ஊசியை ஆட்டு மூளையில பண்ணுவாங்க, தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பெரியவங்க இப்பவும் சொல்லி பயமுறுத்துவாங்க. அந்த ஊசியில கெடந்த ஆட்டு நரம்புத் துணுக்கைப் பாத்து பழகிட்டு, ரொம்ப கொஞ்ச பேருக்கு, எதிர்ப்பு செல்லுங்க மனுஷனோட சொந்த நரம்பையே போய் தாக்கி பக்கவாதம் வந்துரும். ஆட்டு நரம்புக்கும் நம்ம நரம்புக்கும் முகஜாடை ஒண்ணு, அதான் காரணம். 2004 கடைசியோட இந்தியாவுல அந்த வகை ஊசி தயாரிக்கறதையே நிறுத்தி, செல் வளத்து பண்ற ஊசிக்கு மாறிட்டாங்க. நான் இதைச் சொல்றது எதுக்குன்னா, சொந்த செல் மேல எதிர்ப்பைத் திருப்பிவிட முடியும்ங்கறது அப்பவே தெரிஞ்ச விஷயம். அன்னிக்கு அது விபத்து. இன்னிக்கு அதையே வேணும்னு, எந்த செல்லுன்னு குறிவச்சு பண்றாங்க.

அதுதான் அண்ணன் கேள்விப்பட்ட லட்சக்கணக்கு வைத்தியம், கார் டி செல். ஜீப்காரர்ட்ட கார்னு சொன்னா வேற நெனைப்பு வரும், இது அந்த காரில்ல, டி செல் மேல புதுசா முளைக்க வைக்கிற கைக்கு வச்ச இங்கிலீஷ் பேரோட சுருக்கம். செக்போஸ்ட் ஆளுக்கு உள்ளூர் வண்டியைப் பிரிச்சுப் பாக்கத் தெரியலைல்ல, பிரேக்கை விட்டா மட்டும் போதல, அப்போ அவர் கையிலயே ஒரு போட்டோவைக் குடுத்துட்டா? நோயாளி ரத்தத்தை மெஷின் வழியா சில மணிநேரம் சுத்தவிட்டு வெள்ளணுவை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டு மீதியை உடம்புக்கே விட்டுருவாங்க. அதுல இருக்கற டி செல்லுக்குள்ள, நோய் பண்ண முடியாதபடி முடமாக்கின ஒரு வைரஸ் மூலமா புது ஜீனை ஏத்துவாங்க. (சரி, இங்க ஒரு ஏத்துறது இருக்கு, ஒத்துக்கறேன்.) அந்த ஜீன் டி செல் மேல புதுசா ஒரு கை முளைக்க வைக்கும், பாதி ஆன்டிபாடி மாதிரி, பாதி டி செல்லோட சுவிட்ச். தட்டுல துண்டு காட்டுனாத்தான் தெரியும்ங்கறது போயி, கேன்சர் செல் மேல்தோல்ல நிக்கற அடையாளத்தை நேரா பிடிக்கும். ரத்த கேன்சர்ல அந்த அடையாளம் பெரும்பாலும் சிடி 19. அப்புறம் கோடிக்கணக்குல பெருக்கி, உறைய வச்சு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நோயாளிக்கு ரெண்டு மூணு நாள் கீமோ குடுத்து உள்ள எடம் ஒதுக்கிட்டு, ஒரு சின்ன பையில ட்ரிப்பா விடுவாங்க. ரத்தம் எடுத்ததுல இருந்து திரும்ப ஏத்துற வரைக்கும் சில வாரம் ஆகும்.

இந்த மாதிரி கையை முதல்ல வடிவமைச்சு காட்டினது இஸ்ரேல்ல செலிக் எஷ்ஹார், 1989ல. அது மனுஷனுக்கு உதவ 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. அமெரிக்காவுல கார்ல் ஜூன் குழு 2010ல ரத்தப் புற்று வந்த பெரியவங்களுக்கு குடுத்தது, அதுல ரெண்டு பேர் உடம்புல 10 வருஷம் கழிச்சும் அந்த செல்லுங்க உசுரோட சுத்திக்கிட்டு இருந்துச்சு. மாத்திரை கரைஞ்சு போயிடும், இது உள்ள குடித்தனமே பண்ணுது. 2012 ஏப்ரல்ல பிலடெல்ஃபியாவுல எமிலி வைட்ஹெட்ங்கற 6 வயசு குழந்தை, லுக்கீமியாங்கற ரத்த கேன்சர், கீமோவுக்கு ரெண்டு தடவை அடங்காம திரும்ப வந்தது. செல்லை விட்ட சில நாள்ல காய்ச்சல் கொதிச்சு, பிபி விழுந்து, வெண்டிலேட்டர். டி செல்லுங்க ஒரே நேரத்துல சண்டை போட்டா கத்துற கத்தல்தான் அந்தக் காய்ச்சல், சைட்டோகைன்னு சொல்ற ரசாயனம் ரத்தத்துல வெள்ளமா கொட்டும். டெஸ்ட்ல இன்டர்லூக்கின் 6ங்கற சைட்டோகைன் கன்னாபின்னான்னு ஏறியிருந்துச்சு. கார்ல் ஜூனோட மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால, அந்த இன்டர்லூக்கின் 6ஐ அடக்கற டோசிலிசுமாப்னு ஒரு மூட்டுவாத மருந்து இருக்கறது அவருக்குத் தெரியும். குடுத்தாங்க, சில மணிநேரத்துல குழந்தை தேறுச்சு, 10 வருஷம் தாண்டியும் கேன்சர் வரல. அந்த ஒரு ரிப்போர்ட்டை யாரோ லேப்ல நின்னு பாத்து சொன்னாங்கல்ல, அதை நெனைச்சா எனக்கு கொஞ்சம் பெருமையா இருக்கும், நம்மள மாதிரி லேப் ஆளுங்க வேலைதானே.

சிடி 19 நல்ல பி செல் மேலயும் இருக்கு, வெள்ளை பொலீரோ எல்லாத்தையும் நிறுத்துன்னு சொன்ன மாதிரி நல்லதும் சேந்து போகும். பி செல் இல்லாம மனுஷன் இருக்கலாம், ஆன்டிபாடியை வெளிய இருந்து ட்ரிப்ல குடுத்து சமாளிக்கலாம், அதனாலதான் ரத்த கேன்சர்ல இது எடுபடுது. நுரையீரல், வயித்துக் கட்டிக்கு ஏன் இன்னும் சரியா வரலைன்னா, அங்க கேன்சர் மேல இருக்கற அடையாளம் கொஞ்சமாவது நல்ல திசுவுலயும் இருக்கும், பி செல்லை இழந்த மாதிரி நுரையீரலை இழக்க முடியாதே. அதுபோக கட்டியோட சதைக்குள்ள நொழைஞ்சு போறதே பெரும்பாடு.

செலவு. அமெரிக்காவுல 2017ல முதல்ல அனுமதி வாங்கின கிம்ரியாங்கற கார் டி செல் வைத்தியத்துக்கு போட்ட விலை 4,75,000 டாலர், இன்னிக்கு கணக்குக்கு 4 கோடிக்கு கிட்ட. நம்ம நாட்டுல மும்பை ஐஐடியில ராகுல் புர்வார் குழுவும் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேந்து நெக்ஸ்கார் 19னு உருவாக்கி, 2023 அக்டோபர்ல அனுமதி கெடச்சு, 2024 ஏப்ரல் 4ல ஜனாதிபதி திரௌபதி முர்மு தொடங்கி வச்சாங்க. செலவு 30, 40 லட்சம்னு வந்துச்சு. பத்துல ஒரு பங்குதான், ஆனா கொழுந்து கிலோவுக்கு என்ன விலை போகுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு 40 லட்சமும் 4 கோடியும் ஒண்ணுதாங்க. பரிசோதனையில நாலுல மூணு பேருக்கு கிட்ட நோய் பின்வாங்குச்சு, அதுல சிலருக்கு திரும்பவும் வந்துச்சு. இது முதல் கட்ட வைத்தியமும் இல்ல, வழக்கமான மருந்து தோத்தப்புறம்தான்.

செலவு விஷயத்துல எனக்கு இதை விட ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு உண்டு, அதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. குளிருக்கு இதமா இருக்குன்னு வெத்தலை பொகையிலை போடறவங்க நம்ம மலையில எவ்வளவு பேர், வாய் கேன்சர் அங்க இருந்துதான் வருது. பிடி 1 பிரேக் மருந்தான நிவோலுமாப் ஃபுல் டோஸ் நம்ம ஊர்ல வாங்கறவங்க ரொம்ப கம்மி. டாடா மெமோரியல் டாக்டருங்க, கொஞ்சூண்டு மருந்தே அந்த பிரேக்கை எல்லாம் அடைச்சுருதேன்னு யோசிச்சு, வழக்கமான அளவுல பத்துல ஒரு பங்கு கூட வராத 20 மில்லிகிராமை 3 வாரத்துக்கு ஒரு தடவை சாதாரண மாத்திரைங்களோட சேத்து குடுத்தாங்க. முத்தின தலை, கழுத்து கேன்சர்காரங்க 151 பேர். மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல ஒரு வருஷம் தாண்டினது 16.3 சதவீதம், 20 மில்லிகிராம் சேந்தவங்கள்ல 43.4 சதவீதம். 2022ல வந்துச்சு. யாருக்கும் பேட்டன்ட் லாபம் இல்லாத கேள்வியை யாராவது கேட்டுத்தானே ஆகணும்.

இவ்வளவும் பேசி முடிக்கறதுக்குள்ள ரெண்டு டீ ஆயிடுச்சு. அண்ணன் கேட்டார், "அப்போ எங்கம்மாவுக்கு அந்த கார் வைத்தியம் வேணாமா?" நான் ஃபைலை வாங்கிப் பொரட்டினேன். பயாப்ஸி ரிப்போர்ட்ல பெரிய பி செல் லிம்போமா, சிடி 20 பாசிட்டிவ். ட்ரிப் சீட்டுல முதல் வரியிலயே ரிட்டுக்சிமாப்.

"அண்ணா, முதல் ட்ரிப் அன்னிக்கு அம்மா நடுங்கினாங்களா?"

"ஆமாப்பா, கிடுகிடுன்னு நடுங்கிப்போயிட்டாங்க. ஏசி குளிர்னு நெனைச்சு நான் நர்ஸம்மாகிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவங்க ட்ரிப்பை மெதுவாக்கி ஒரு ஊசி போட்டாங்க, அப்புறம் அடங்குச்சு."

ரிட்டுக்சிமாப் ஒரு ஆன்டிபாடி. சிடி 20 இருக்கற பி செல் மேல போய் நோட்டீஸ் ஒட்டிட்டு வரும், அதைப் பாத்து அவங்கம்மாவோட சொந்த என்கே செல்லும் மத்த வெள்ளணுவும் வந்து அடிக்கும். அடிக்கறப்போ கொட்டுற சைட்டோகைன்தான் முதல் தடவை நடுக்கத்துக்கு காரணம், எமிலிக்கு வந்ததோட சின்னத் தங்கச்சி. 1997ல வந்த மருந்து, 2007ல இருந்து ஐதராபாத்துலயே தயாராகுது. இதை கீமோவோட சேத்து 6 தடவை குடுத்தாலே இந்த வகை லிம்போமாவுல பத்துல ஆறு பேர் கிட்ட குணமாயிடறாங்க. சொந்த ரத்த செல்லை வச்சு அடிக்கிற வைத்தியம் அவங்கம்மாவுக்கு ஏற்கனவே 3 தடவை ஏறிடுச்சு.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தார். ரிட்டுக்சிமாப்ங்கற எழுத்தை விரல் வச்சு மெதுவா படிச்சார், ரெண்டு தடவை. அப்புறம் முள்ளு சீத்தா கட்டைக் காட்டி, "இதை என்ன பண்ண?"

"கோயம்புத்தூர் போறப்போ டாக்டர்கிட்ட காட்டிட்டு குடுங்க, கேக்காம மட்டும் குடுக்காதீங்க."

"வியாழக்கிழமை நாலாவது ட்ரிப்பு. காலையில 5 மணிக்கு எறங்கணும்"னு சொல்லிட்டு கட்டை ஜீப்புக்குப் பின்னால போட்டுட்டுப் போனார். போன உடனே திரும்பி வந்து, அந்த ஊசி பேரை மட்டும் ஒரு சீட்டுல தமிழ்ல எழுதிக்குடுன்னார், தங்கச்சிகிட்ட போன்ல சொல்லணுமாம்.